வாடகைக்காரரின் கணக்கையும் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இதழில், ஒவ்வொரு நகரத்திலும் சராசரிச் சம்பளம் எவ்வளவு, மாதச் செலவு எவ்வளவு என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். சென்னையில் சம்பளமும் அதிகம், செலவும் அதிகம். மதுரையில் இரண்டும் குறைவு. ஆகவே சின்ன நகரத்தில் இருப்பவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று கீழே ஒரு வரி. அந்த வரியைப் படித்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. மத்தியானம் சமையலை முடித்ததும் பீரோவிலிருந்து பழைய கணக்கு நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். இடம் இல்லை என்றால் சுருக்கிப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் எண்களை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் அஞ்சல் துறையில் 1983-இல் சேர்ந்து 2023-இல் ஓய்வு பெற்றவள். மதுரை செல்லூரில் என் மாமனார் கட்டிய வீட்டில் இருக்கிறோம். கல்யாணமான நாளிலிருந்து வரவு செலவை நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. அரைப் படி உளுந்து வாங்கினாலும் எழுதிவிடுவேன். அதனால் நான் சொல்லப் போவது காதில் விழுந்த கதை இல்லை.

முதலில் அந்தச் சராசரி என்ற சொல். எங்கள் சந்தில் ஆறு வீடு. முதல் வீட்டுக்காரர் ஜவுளிக்கடையில் விற்பனையாளர், 14,000 ரூபாய். அடுத்தவர் பள்ளி வேன் ஓட்டுகிறார், 16,000. மூன்றாவது வீட்டில் தனியார் பள்ளி ஆசிரியை, 18,000. நான்காவது வீட்டுக்காரர் தறி போட்டிருக்கிறார், மாதம் 22,000 தேறும். ஐந்தாவது எங்கள் வீடு, என் ஓய்வூதியம் 36,000. கடைசி வீட்டுப் பையன் பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான், 1,46,000. எல்லாவற்றையும் கூட்டினால் 2,52,000. ஆறால் வகுத்தால் 42,000. ஆக, எங்கள் சந்தின் சராசரி வருமானம் 42,000 ரூபாய். அந்தத் தொகையோ அதற்குப் பக்கத்தில் ஒரு தொகையோ வாங்குகிற ஆள் எங்கள் சந்தில் ஒருவர்கூடக் கிடையாது. ஆறில் மூன்று வீடு 20,000-க்குக் கீழே. கடைசி வீட்டுப் பையன் நாளைக்கே வீட்டை மாற்றிக்கொண்டு பெங்களூர் போய்விட்டால் சராசரி 21,200-க்கு இறங்கிவிடும், மற்ற ஐந்து வீட்டிலும் ஒரு ரூபாய்கூடக் குறையாமலே.

ஊருக்கு ஊர் ஒப்பிடும்போது இந்தச் சங்கடம் இன்னும் பெரிதாகிறது. சென்னையில் பெரிய கம்பெனிகளின் தலைமை அலுவலகம் இருக்கிறது, கோடிக் கணக்கில் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சம்பளம் சேர்ந்து சராசரியைத் தூக்கிவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு உசிலம்பட்டியில் ஒரு தகப்பனார், மெட்ராஸ் போனால் பையனுக்கு அவ்வளவு கிடைக்கும்போல இருக்கிறதே என்று நினைக்கிறார். சம்பளம் வாங்குபவர்களைக் குறைவிலிருந்து அதிகம் வரை வரிசையாக நிற்க வைத்து, நட்ட நடுவில் நிற்பவர் என்ன வாங்குகிறார் என்று போட்டால் அவருக்கு உண்மை தெரியும். எங்கள் சந்தில் அது 18,000-க்கும் 22,000-க்கும் நடுவில், 20,000.

சரி, சம்பளத்தை விடுங்கள். செலவு என்று போட்டிருக்கிறீர்களே, அது யாருடைய செலவு?

2001-இல் எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. பாரிமுனைப் பக்கம் வேலை. பையனுக்கு இரண்டு வயது. என் கணவர் மதுரையில் சிறிய அச்சகம் வைத்திருந்தார், அதை விட்டுவிட்டு வர முடியாது. அதனால் நான், பையன், மாமியார் மூன்று பேரும் கிளம்பிப் போய் ஆதம்பாக்கத்தில் ஒரு போர்ஷனில் குடியேறினோம். வாடகை 2,000 ரூபாய், அட்வான்ஸ் பத்து மாத வாடகை, 20,000. அப்போது என் அடிப்படைச் சம்பளம் 5,000. மத்திய அரசின் ஐந்தாவது ஊதியக் குழுவின் கணக்குப்படி மதுரையில் வீட்டு வாடகைப்படி 15 சதவீதம், சென்னையில் 30 சதவீதம். அதாவது மதுரையில் 750 வாங்கிக்கொண்டிருந்தவள் சென்னையில் 1,500 வாங்கினேன். நகர ஈட்டுப்படி என்று இன்னும் கொஞ்சம் கூடியது. சம்பளச் சீட்டைப் பார்த்த சொந்தக்காரர்கள் எல்லாம் எனக்குச் சம்பளம் உயர்ந்துவிட்டது என்றே பேசினார்கள். மதுரையில் சொந்த வீட்டில் இருந்துகொண்டு 750 ரூபாயை முழுதாகச் சேமித்தவள், சென்னையில் 1,500-ஐயும் வீட்டுக்காரரிடம் கொடுத்து, அதற்கு மேலே 500 ரூபாயைக் கையிலிருந்து போட்டேன். ஆக வாடகையில் மட்டும் மாதம் 1,250 ரூபாய் இறக்கம்.

2004-ஆம் ஆண்டு நோட்டு இப்போது என் முன்னால் இருக்கிறது. அட்டையில் நீல மை ஊறிப்போயிருக்கிறது. ஏப்ரல் பக்கத்தில் 'தண்ணீர்' என்று தனியாக ஒரு வரி தொடங்குகிறது. அதற்கு முன்னால் அப்படி ஒரு வரியே இல்லை. முந்தின வருஷம் மழை பொய்த்து ஏரிகள் எல்லாம் வற்றிக் கிடந்த காலம் அது. அந்த மே மாதம் தண்ணீருக்கு மட்டும் 340 ரூபாய் எழுதியிருக்கிறேன். லாரி வந்தால் தெருமுனையில் இறங்கும், என் மாமியார் நான்கு பச்சைக் குடங்களோடு காலை ஐந்து மணிக்கே வரிசையில் போய் நிற்பார்கள். ஆறு மணிக்கு மேல் அந்தக் குடங்களை ஒவ்வொன்றாக நான் தூக்கி வந்து வாசலில் வைத்துவிட்டு, குளித்து, பரங்கிமலை ஸ்டேஷனுக்கு ஓடி, பீச் வரைக்கும் மின்சார ரயிலில் நின்றுகொண்டே போவேன். அறுபது வயதுக்கு மேலான ஒரு பெண் வரிசையில் நின்ற அந்த மணி நேரங்களுக்கு நோட்டில் நான் எந்தத் தொகையும் எழுதவில்லை. உங்கள் பட்டியலிலும் அதற்கு இடம் இல்லை. அந்த வருஷம் வீராணம் ஏரித் தண்ணீர் சென்னைக்கு வந்து சேர்ந்த செய்தியைப் படித்ததும் முதலில் அவர்களுக்குத்தான் வாசித்துக் காட்டினேன்.

2005-இல் மதுரைக்குத் திரும்பியபோது அட்வான்ஸில் வெள்ளையடிக்க என்று 3,000 பிடித்துக்கொண்டு 17,000 திருப்பிக் கொடுத்தார்கள். நாலு வருஷம் வட்டியில்லாமல் அவர்களிடம் கிடந்த பணம். சென்னையில் வாடகைக்கு இருந்த யாரைக் கேட்டாலும் இந்த மாதிரி ஒரு கதை சொல்வார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது. ஆனால் இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் தவிர என்று அந்த வரியிலேயே ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. வீடு தேடி அலைகிறவன், ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று எங்கே போய்ச் சொல்வான்?

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். போன வருஷம் அதே கணக்கை என் பையனுக்காகத் திரும்பப் போட வேண்டி வந்தது. அவன் மதுரையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்தான். அதே கம்பெனிக்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு. அதே வேலை, அதே வெளிநாட்டு வாடிக்கையாளர், ராத்திரி பேசுகிற அதே ஆட்கள். மதுரையில் வருஷத்துக்கு 4,20,000. சென்னைக்கு வந்தால் 6,00,000 என்றார்கள். இரண்டு இடத்திலும் ஒரே வேலைதானே, இங்கேயே இருந்துகொண்டு அந்தச் சம்பளம் கிடைக்குமா என்று இவன் கேட்டிருக்கிறான். மதுரையில் செலவு குறைவுதானே, அதைப் பார்த்துத்தான் சம்பளம் வைக்கிறோம் என்று கம்பெனியில் ஆள் எடுக்கும் அம்மா ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினாராம். ஆனால் அந்தப் பதில்தான் என்னை இன்றுவரை உறுத்திக்கொண்டிருக்கிறது. உங்கள் பட்டியலிலும் அதே பதில்தான் அச்சாகி வந்திருக்கிறது.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் நோட்டைத் திறந்து நானும் அவனும் கணக்குப் போட்டோம். ஆறு லட்சம் என்றால் மாதம் 50,000 என்று முதலில் எழுதினேன். அம்மா, அவ்வளவு கைக்கு வராது என்று அவனே ஒவ்வொன்றாகக் கழித்தான். வருஷக் கடைசியில் தருவோம் என்கிற பங்கு மாதத்துக்கு 5,000. கம்பெனி கட்டுகிற பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதி, 2,400. அவன் கட்டுகிற பி.எஃப். 2,400. பணிக்கொடைக்கு என்று ஒதுக்குவது 960 சொச்சம். காப்பீடு, தொழில் வரி போக 38,500 கைக்கு வரும். அதே மாதிரி கழித்தால் மதுரைச் சம்பளத்தில் 27,000. காகிதத்தில் 15,000 வித்தியாசம், கையில் 11,500. வேலைக்குச் சேரும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விளம்பரங்களில் போடுகிற வருடத் தொகையை அப்படியே பன்னிரண்டால் வகுத்துவிட்டுத் தாய் தகப்பன் சந்தோஷப்படுகிறார்கள்.

அப்புறம் செலவு. பெருங்குடிப் பக்கம் மூன்று பேர் சேர்ந்து வீடு, வாடகை 21,000, இவன் பங்கு 7,000. மெயின்டனன்ஸ் பங்கு 1,000. கரண்டுக்கு 700. கேன் தண்ணீர் 300. மெஸ் சாப்பாடு 8,500. பெட்ரோல் 2,500. மதுரைக்கு வந்து போக 1,500. மொத்தம் 21,500. கையில் மிஞ்சுவது 17,000.

மதுரையில் அப்போது வீட்டுக்கு 6,000 கொடுத்துக்கொண்டிருந்தான். பெட்ரோல் 1,800. வெளியில் டீ, சாப்பாடு 1,700. மொத்தம் 9,500. மிஞ்சுவது 17,500.

பார்த்தீர்களா, 500 ரூபாய் மதுரைதான் மேல். அப்படியென்றால் அந்த அம்மா சொன்னது சரிதானே என்று நினைப்பீர்கள். நானும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். அப்போது என் பையன் சொன்னான், இதே கணக்கைக் கமுதிக்காரனுக்குப் போட்டுப் பார் அம்மா என்று. அவனோடு ஒரே பிரிவில், ஒரே சம்பளத்தில் வேலை பார்க்கிற பையன், கமுதியிலிருந்து வந்து மதுரையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். அறையில் அவன் பங்கு 3,500. கரண்டும் தண்ணீரும் 600. மெஸ் 6,500. பெட்ரோல் 1,800. டீ, மற்றது 1,500. ஊருக்குப் போய்வர 600. மொத்தம் 14,500. 27,000-இல் அது போனால் 12,500. சென்னைக்குப் போனால் அவனுக்கும் 17,000 மிஞ்சும், இங்கே மிஞ்சுவதைவிட 4,500 கூட.

ஒரே ஊர், ஒரே நாற்காலி, ஒரே சம்பளம். என் மகனுக்கு மதுரை லாபம், அவனுக்குச் சென்னை லாபம். இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் 5,000 ரூபாய் எங்கிருந்து வருகிறது? அது என் மாமனார் கட்டிய வீடு. காலையில் நான் வார்க்கிற தோசை. 6,000 ரூபாயில் ஒரு வளர்ந்த ஆண்பிள்ளையின் மூன்று வேளைச் சாப்பாடு, துணி துவைப்பது, கரண்டு எல்லாம் அடங்காது, மீதி என் ஓய்வூதியத்திலிருந்துதான் போகிறது. மதுரையில் செலவு குறைவு என்று கம்பெனி சொல்வதன் பொருள் இதுதான்: அந்தச் செலவில் ஒரு பங்கை இங்கே வீடு ஏற்றுக்கொண்டிருக்கிறது. எங்கள் வீடு ஏற்றுக்கொள்வதைக் காரணம் காட்டி, அப்படி ஏற்றுக்கொள்ள யாருமில்லாத கமுதிப் பையனுக்கும் சம்பளத்தைக் குறைத்து வைக்கிறார்கள். இதை நியாயம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வாடகை ஒன்றைத் தள்ளிவிட்டால் மற்றவற்றில் ஊருக்கு ஊர் அப்படி என்ன வித்தியாசம்? செல்போன் ரீசார்ஜ் ஒரே விலை. சோப்பு, பேஸ்ட், மாத்திரை, பிஸ்கட் எல்லாம் அட்டையில் அச்சடித்த விலைதான். பெட்ரோல் லிட்டருக்கு ஒரு ரூபாய் முன்னே பின்னே இருக்கும். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, இரண்டு ஊரிலும். ஒட்டன்சத்திரத்துக் காய் கோயம்பேட்டுக்கும் போகிறது, மாட்டுத்தாவணிக்கும் வருகிறது. வரத்து அதிகமான நாளில் கோயம்பேட்டில் மதுரையைவிட மலிவாகக் கிடைப்பதை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் மல்லிகை முகூர்த்த நாளில் எங்களுக்கே எட்டாத விலைக்குப் போய்விடும். பெண்களுக்கு 2021-இலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் இரண்டு ஊரிலும் கட்டணம் இல்லை.

மின்சாரக் கட்டணமும் ஒன்றுதானே என்று கேட்கலாம். காகிதத்தில் ஒன்றுதான். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லா வீட்டு இணைப்புக்கும் இலவசம். ஆனால் சென்னையில் இப்போது என் பையன் இருக்கும் இடத்தில் தனி மீட்டர் ஒன்றை வைத்து, யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வீட்டுக்காரரே வாங்கிக்கொள்கிறார். இலவச யூனிட் வாடகைக்கு இருப்பவரின் கைக்கு வருவதே இல்லை. ஆகவே சென்னை, மதுரை என்று பிரிப்பதைவிட, சொந்த வீட்டில் இருப்பவர், வாடகைக்கு இருப்பவர் என்று பிரித்துக் கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

அரசாங்கத்தின் புள்ளிவிவரத்திலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில், இந்திய நகரங்களில் ஓர் ஆளுக்கு மாதச் செலவு சராசரியாக 6,996 ரூபாய் என்று வந்தது. அதில் வீட்டு வாடகையின் பங்கு ஏழு சதவீதத்துக்கும் கீழே. எந்த நகரத்தில் வாடகைக்கு இருப்பவருக்குச் சம்பளத்தில் ஏழு சதவீதத்தில் வீடு கிடைக்கிறது? சொந்த வீட்டில் இருக்கிறவர்கள் வாடகை கொடுப்பதில்லை. அவர்களையும் சேர்த்து வகுத்தால் வாடகை அப்படிச் சுருங்கித்தான் தெரியும். அந்தச் சராசரியை எடுத்து ஒரு நகரத்தின் செலவு என்று போட்டால், வாடகைக்கு இருக்கிறவன் அதில் காணாமல் போய்விடுகிறான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விலைவாசிக் குறியீட்டு எண்ணை வைத்து, இந்த ஊர் அந்த ஊரைவிடச் செலவு அதிகம் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். எங்கள் ஊழியர் சங்கக் கூட்டங்களில், விலைவாசி ஏற்றத்துக்கு ஈடாகத் தருகிற அகவிலைப்படியின் கணக்கைப் பேசிப் பேசி எனக்கு இது பழக்கம். மத்திய அரசின் தொழிலாளர் அலுவலகம் மாதாமாதம் வெளியிடும் அந்த எண்ணில் 2016-ஆம் ஆண்டை 100 என்று வைத்திருக்கிறார்கள். சென்னைக்கும் அப்போது 100, மதுரைக்கும் அப்போது 100. இப்போது மதுரை 150, சென்னை 145 என்று வைத்துக்கொண்டால், மதுரையில் விலை வேகமாக ஏறியிருக்கிறது என்றுதான் பொருள். சென்னையைவிட மதுரையில் விலை அதிகம் என்று பொருள் இல்லை. இரண்டு பிள்ளைகள் வருஷத்துக்கு எத்தனை அங்குலம் வளர்ந்தார்கள் என்பதை வைத்து யார் உயரம் என்று சொல்ல முடியாது அல்லவா?

அரசு ஊழியர்களுக்கு ஊருக்கு ஏற்ற படி கொடுப்பதிலும் நகரங்களை மக்கள்தொகையை வைத்துத்தான் பிரிக்கிறார்கள், வாடகையை வைத்து இல்லை. 50 லட்சத்துக்கு மேல் என்றால் ஒரு பிரிவு, 5 லட்சத்திலிருந்து 50 லட்சம் வரை இன்னொன்று, அதற்குக் கீழே மூன்றாவது. 2024 ஜனவரியிலிருந்து மத்திய அரசு ஊழியருக்கு வாடகைப்படி முறையே 30, 20, 10 சதவீதம். சென்னைக்கு 30. மதுரைக்கும் கோவைக்கும் திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் ஒரே 20. கோவையில் வேலை பார்த்த என் தோழிகளைக் கேட்டால் வாடகையில் கோவையும் மதுரையும் ஒன்றா என்று சிரிப்பார்கள். போக்குவரத்துப்படியில் மட்டும் கோவை சென்னையோடு சேர்ந்து உயர்ந்த பட்டியலில் இருக்கிறது, மதுரை இல்லை. ஆனாலும் அரசாங்கம் அடிப்படைச் சம்பளத்தைத் தொடுவதில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரே வேலைக்கு நாடு முழுக்க ஒரே அடிப்படைச் சம்பளம், ஒரே அகவிலைப்படி. ஊருக்கு என்று கொடுப்பதைத் தனியாகக் கொடுக்கிறது. அந்த முறையைத் தனியார் கம்பெனிகளும் பின்பற்றினால் என் பையனைப் போன்றவர்களுக்கு எது வேலைக்கான கூலி, எது ஊருக்கான ஈடு என்று தெரியும்.

எங்கள் சந்து முதல் வீட்டுக்காரரின் மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் இருக்கிறாள். சம்பளம் 13,000. தங்குவதும் சாப்பாடும் கடையிலேயே. மாதம் பிறந்தால் 10,000 ரூபாய் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறாள். 38,500 வாங்குகிற என் பையனால் சில மாதம் அந்த அளவுக்கு அனுப்ப முடிவதில்லை. அதற்காக அவள் வாழ்க்கை வசதியானது என்று சொல்ல வரவில்லை. ஒரு கூடத்தில் பல பேரோடு படுக்கை, காலை முதல் ராத்திரி வரை நிற்கிற வேலை. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டம் வந்தும், தீபாவளிக்கு வந்தபோது அவள் கால் வீங்கித்தான் இருந்தது. சம்பளத்தையும் செலவையும் மட்டும் எழுதினால் சென்னையில் மிகவும் நன்றாக மிச்சம் பிடிப்பவள் அவள்தான் என்று வரும்.

கடைசியில் என் பையன் சென்னைக்குத்தான் போனான். நான் தடுக்கவில்லை. இங்கே இந்த வேலை போனால் அடுத்த வேலைக்கு நாலைந்து கம்பெனியைத்தான் தட்ட முடியும், அங்கே சாலையைத் தாண்டினால் இன்னொன்று என்றான். அது உண்மை. மூன்று வருஷம் கழித்து அவன் வாங்கப் போகும் சம்பளத்தை எந்த ஒப்பீட்டுப் பட்டியலும் சொல்வதில்லை, ஆனால் பிள்ளைகள் ஊரை முடிவு செய்வது அதை வைத்துத்தான். வீட்டு அட்வான்ஸில் அவன் பங்கு 50,000, புரோக்கருக்கு 7,000. என் கல்யாண வளையல் இரண்டை அடகு வைத்துக் கொடுத்தோம். அந்த வட்டியும் சென்னைச் செலவில் சேர்த்தி என்று நோட்டில் எழுதியிருக்கிறேன்.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை நகரங்களை ஒப்பிடும்போது சராசரிச் சம்பளத்துக்குப் பதிலாக நடுவில் நிற்பவரின் சம்பளத்தைப் போடுங்கள். அதுவும் பிடித்தம் போகக் கைக்கு வருவதைப் போடுங்கள். செலவை ஒரே எண்ணாகப் போடாமல், சொந்த வீட்டில் இருப்பவருக்கு, வாடகைக்குக் குடும்பமாக இருப்பவருக்கு, அறையில் தங்கியிருப்பவருக்கு என்று மூன்றாகப் போடுங்கள். ஊருக்குள் நுழைவதற்கே கட்ட வேண்டிய அட்வான்ஸ் எவ்வளவு என்று ஒரு கட்டம் சேருங்கள். முடியுமானால், அலுவலகம் போய் வர எத்தனை மணி நேரம் என்பதையும். செலவு குறைந்த நகரம் என்று தலைப்பு வைக்கும் முன்னால், அந்தச் செலவை அங்கே யார் தாங்குகிறார்கள் என்று நாலு வீட்டில் கேட்டுவிட்டு வையுங்கள்.

2001 முதல் 2005 வரையிலான என் சென்னைக் கணக்கு நோட்டுகள் ஐந்தும் பத்திரமாக இருக்கின்றன. அரிசி, பால், பேருந்து, தண்ணீர், வாடகை எல்லாம் தேதி வாரியாக இருக்கும். உங்கள் நிருபர் யாராவது வந்தால் படம் எடுத்துக்கொள்ளலாம். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
செல்லூர், மதுரை.